சாவா மூவாக் கூட்டும் மன்னார் முத்துச் சலாபமும்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பயில்வோர் அடிக்கடி எதிர்ப்படும் தொடரொன்று உண்டு. கோயிலில் நந்தாவிளக்கு எரித்தற்பொருட்டு அளிக்கப்பட்ட ஆடுகளை அவை 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும். ஆடு சாவாதிருக்குமோ? மூப்படையாதிருக்குமோ? அங்ஙனமன்று. விளக்கொன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு எனக் கணக்கிட்டு இடையரிடம் ஒப்புவித்தால், இறந்த ஆட்டுக்கு ஈடாகப் பிறந்த ஆட்டைச் சேர்த்து அத்தொகையை என்றும் குறையாது காத்தல் அவர் கடன். ஆடு சாகும், மந்தை சாகாது. தனி உயிர் அழியினும் தொகுதி அழியாது என்னும் இவ்வெண்ணத்தை நம் முன்னோர் சட்டநூல் எழுதி விளக்கினாரல்லர். கல்லிற் பொறித்து நடைமுறையிற் கொண்டனர்.

இன்று உலக வாணிகத்தைத் தாங்கிநிற்கும் கூட்டுத்தாபனத்தின் உயிர்நிலையும் இதுவே. உறுப்பினர் மாறுவர், இறப்பர். அமைப்போ தன் பெயரிற் பொருள் வைத்திருக்கும், ஒப்பந்தஞ் செய்யும், வழக்காடும். இலத்தீன் மொழியில் உடலைக் குறிக்குஞ் சொல்லினின்றே மேலைநாட்டார் இதற்குப் பெயர் வகுத்தனர். 'கம்பனி' என்னுஞ் சொல்லோ ஓரிடத்திருந்து அப்பம் உண்போர் என்னும் பொருளடியாகப் பிறந்தது. ஓருடலாதலும் ஒருங்கிருந்து உண்டலும் ஆகிய இரண்டுங் கூடியவிடத்துக் கூட்டுத்தாபனம் தோன்றுகின்றது எனலாம். ஆயின், ஒருங்கிருந்து உண்போர் யாவர், உணவு இல்லாத நாளிற் பசித்திருப்போர் யாவர் என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காண்டற்கு ஆம்ஸ்டர்டாமுக்கோ இலண்டனுக்கோ செல்ல வேண்டுவதில்லை. மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களின் மணற்கரையில் நின்று நோக்கினாற் போதும். வணிக அமைப்பின் வளர்ச்சிப் படிகள் பலவும் அக்கரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

மாதோட்டத்து வணிகர்

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டம், பழங்காலத்திற் கீழ்த்திசைக்கும் மேல்திசைக்கும் இடைநின்ற பெருந்துறை. சோழராட்சியில் இதற்கு இராசராசபுரம் என்னும் பெயரும் வழங்கிற்று. சோழமண்டலத்தைச் சேர்ந்த தாழி குமரன் என்பான் இங்கே இராசராச ஈச்சரம் என்னுங் கோயிலை எடுப்பித்தமையை ஒரு கல்வெட்டு கூறுகின்றது. திருவிராமீச்சுரம் என்னுங் கோயிலுக்குரிய பிறிதொரு சாசனம் நமது பொருளுக்கு மிக நெருங்கியது. அக்கோயிற்கு வைத்த அறக்கட்டளைப் பொருள் தனிமனிதர் எவரிடத்தும் விடப்படவில்லை. மாதோட்டத்திலிருந்த எண்ணெய் வாணிகராகிய சங்கரபாடியார், வெற்றிலை வாணிகர், வாழைக்காய் வாணிகர் ஆகிய கூட்டத்தாரின் பொறுப்பில் அது ஒப்புவிக்கப்பட்டது.

இதன் உட்கருத்தை ஆராய்தல் வேண்டும். கொடையாளி தன் அறம் சந்திர சூரியர் உள்ளவரையும் நிலைபெற விரும்பினான். தனி வணிகனிடம் கொடுத்தால் அவன் இறந்தபின் யார் பொறுப்பு? ஆகவே இறவாத ஒருவனை நாடினான். அவ்விறவாதவன் வாழைக்காய் வாணிகர் கூட்டம்! மிக எளிய பண்டத்தை விற்போரும் கூட்டமாக நின்றவிடத்துத் தலைமுறை கடந்த நம்பிக்கைக்கு உரியராயினர்.

இச்சிறு கூட்டங்களுக்கு மேலாக ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்னும் பெருங்கணங்கள் இயங்கின. ஐந்நூற்றுவரின் கல்வெட்டுகள் பதவியா முதலிய ஈழத்து இடங்களிலும், கடல் கடந்து சுமாத்திராவின் பாருஸ் என்னுமிடத்திலும் (கி.பி. 1088) கிடைத்துள்ளன. எனினும் இவற்றை இக்காலக் கம்பனியோடு ஒன்றாக எண்ணுதல் தவறாகும். கணத்தைச் சேர்ந்த வணிகர் ஒவ்வொருவரும் தத்தம் முதலைக் கொண்டே வாணிகஞ் செய்தனர். பெயர், பாதுகாப்பு, அறம், ஒழுக்கம் ஆகியனவே பொதுவாயின. பங்கு பங்காகப் பிரித்து எவர்க்கும் விற்கத்தக்க பொதுமுதல் அவர்களிடத்து இருந்ததெனக் கருதச் சான்றில்லை.

கடலின் இயல்பு

மன்னார்க் கடலின் இயல்பை அறியாதார்க்கு இனி வரும் வரலாறு விளங்காது. முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டைப் 'பார்' என்பர். பெரிய பார், சேவல் பார், கொண்டச்சிப் பார் எனப் பல பார்கள் அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் நேரே, ஏறத்தாழ ஐந்து முதற் பத்துப் பாகம் ஆழத்தில் அமைந்துள்ளன. முத்துக் குளிக்கும் பருவமும் அதன்பொருட்டுக் கூடும் தொழிலும் சந்தையுமாகிய முழுமையே 'சலாபம்' எனப்படும். சிப்பியின் ஆயுள் ஐந்தாறு ஆண்டுகளே. இளஞ்சிப்பியில் முத்தில்லை; முதிர்ந்தது விரைவில் மடிந்துவிடும். இடைப்பட்ட சிறிது காலத்துக்குள் எடுத்தாலன்றிப் பயனில்லை. அதற்குள்ளும் தென்மேற்குப் பருவக்காற்றால் மணல் புரண்டு மூடுதலுண்டு. திருக்கையும் நட்சத்திர மீனும் தின்று தீர்த்தலுமுண்டு. தாய்ப்பார் எனக் குளிகாரர் போற்றிய பெரிய பாரில் இளஞ்சிப்பி பன்முறை செறிந்து தோன்றியும் குளிப்புக்கு ஆகாது அழிந்தொழிந்தது.

ஆகவே சலாபம் ஆண்டுதோறும் வாய்ப்பதன்று. 1837-ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் குளிப்பு நிகழவில்லை. 1891-இல் நல்ல வருவாய் தந்த கடல், 1892 முதல் 1902 வரை ஒன்றும் ஈயவில்லை. ஓராண்டிற் பெருஞ்செல்வம், பத்தாண்டு வெறுமை என்பதே இக்கடலின் கணக்கு.

கும்பினிகளின் வருகை

1560-இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். அவர்கள் வந்தது அரசனின் பெயரால். 1658-இல் அவர்களை வென்று அக்கோட்டையிற் புகுந்த ஒல்லாந்தரோ ஒரு கம்பனியின் ஊழியர். 1602-இல் நிறுவப்பட்ட ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனி, ஒல்லாந்து நாட்டுக் குடிகள் எவரும் பங்கு வாங்கத்தக்கதாய் அமைந்தது. இட்ட முதலைத் திருப்பிக் கேட்டல் இயலாது; வேண்டுமாயின் தன் பங்கைப் பிறர்க்கு விற்கலாம். இதனால் ஆம்ஸ்டர்டாமிற் பங்குச் சந்தை வளர்ந்தது. கம்பனியின் முதலும் பங்குகாரரின் வரவுபோக்கால் அசையாததாயிற்று. இடையர் கையிலிருந்த சாவா மூவா ஆடு இப்பொழுது ஒல்லாந்து வணிகரிடத்துச் சாவா மூவா முதலாயிற்று.

ஆயினும் ஒரு பெரும் வேற்றுமையை மறத்தலாகாது. மாதோட்டத்து வாணிகர் கூட்டம் தான் விளக்கேற்றிய ஊரிலேயே வாழ்ந்தது. ஆம்ஸ்டர்டாமிற் பங்கு வைத்திருந்தோன் அரிப்புக் கரையைக் கண்டவனல்லன்; பாரில் எத்தனை சிப்பி உண்டென்பது அவனுக்கு ஓர் எண் மாத்திரமே. கம்பனி படையும் வைத்தது, வரியும் தண்டிற்று, நீதியும் வழங்கிற்று. முத்துக் குளிப்பில் தானே தொழில் நடத்துதலைக் காட்டிலும் குளிப்போரிடம் வரி பெறுதலையும், பிற்காலத்தில் ஏலத்திற் குத்தகை கொடுத்தலையுமே அது விரும்பிற்று. ஆற்காட்டு நவாபோடு உரிமைபற்றி நேர்ந்த பிணக்கினால் 1768-க்குப் பின் நெடுங்காலம் குளிப்பு நடைபெறவில்லை.

1795-96-இல் இலங்கைக் கரையோரம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமாயிற்று. ஆண்டுகள் பல தீண்டப்படாதிருந்த பார்களிற் சிப்பி நிரம்பியிருந்தது. கும்பினி வாளாவிருக்குமா? 1797-இல் 1,44,000 பவுண், 1798-இல் 1,92,000 பவுண் என வருவாய் பெருகிற்று. 1799-இல் அது 30,000 பவுண் அளவிற்கு வீழ்ந்தது. மூன்று பருவங்கள் தொடர்ந்து அள்ளியதன் பயன் இது. சட்டப்படி நெடுங்காலம் வாழும் ஓர் அமைப்பு, அடுத்த ஆண்டைப் பற்றியும் எண்ணாது நடந்துகொண்டது.

ஒரு பருவக் கூட்டு

இலங்கை 1802-இல் முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தைக் கண்காணித்தற்பொருட்டு அரிப்பில் ஒரு மாளிகை எழுப்பினார். கடலரிப்பால் இடிந்து சிதைந்துவரும் அதனை அல்லிராணி கோட்டை எனவும் சிலர் வழங்குவர்.

அக்காலக் குத்தகை முறைக்கு 1804-ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பற்றிக் கோர்டினர் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் எழுதிய குறிப்புச் சிறந்த சான்றாகும். யாழ்ப்பாணத்திற் பிறந்து சோழமண்டலக் கரையிற் சில காலம் வாழ்ந்த வணிகர் ஒருவர், நூற்றைம்பது தோணிகளைக் கொண்டு முப்பது நாட் குளிக்கும் உரிமையை மூன்று இலட்சம் பரங்கிப்பேட்டை வராகனுக்கு, அஃதாவது 1,20,000 பவுணுக்கு ஏற்றார். தோணியொன்றுக்குச் சராசரி 2,000 வராகன் வீழ்கின்றது. அவர் நல்ல தோணிகள் சிலவற்றின் உரிமையை 3,000 வராகனுக்கும், வேறு சிலவற்றினதை 2,500 வராகனுக்கும் பிறர்க்கு விற்றார். எஞ்சிய பெரும்பகுதியைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

இஃது ஒரு பருவத்துக்குப் பிறந்து அப்பருவத்தோடு முடியுங் கூட்டு. இதற்குச் சாசனமில்லை, பங்குப் பத்திரமில்லை, பணிப்பாளர் சபையுமில்லை. எனினும் ஆபத்தைப் பலரிடத்துப் பகிர்ந்து வைக்கும் நுட்பம் இதிலுண்டு. குத்தகைக்காரர் அரசாங்கத்துக்கும், தோணியுரிமை வாங்கியோர் குத்தகைக்காரருக்கும் பொறுப்பாளிகள். கடல் பொய்த்தால் வீடும் நிலமும் விற்றுக் கடனிறுத்தல் வேண்டும்; பொறுப்புக்கு எல்லையில்லை. ஆகவே தோணி விடுமுன் ஒவ்வொருவனும் பாரின் நிலையைத் தானே ஆராய்ந்து தெளிதற்கு முற்பட்டான்.

பிற்காலத்தில் அரசாங்கம் குத்தகையை விடுத்துத் தானே சலாபம் நடத்திற்று. குளிகாரருக்குக் கூலி இல்லை. எடுத்த சிப்பியிற் பங்கே கொடுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாலிலொன்றாயிருந்த அப்பங்கு பின்னர் மூன்றிலொன்றாயிற்று. அரசாங்கத்தின் பங்கு மாலைதோறும் ஆயிரஞ் சிப்பிக்கு இத்துணை விலையென ஏலமிடப்பட்டது. சிப்பியைத் திறவாமலே விலை கூறல் வேண்டும். நேற்று வாங்கியவன் ஒரு பெரிய முத்துப் பெற்றான் என்னுஞ் செய்தி பரவினால் இன்றைய விலை ஏறும்; பெறாவிடில் இறங்கும். மேலைநாட்டுப் பங்குச் சந்தையில் நிகழ்வது மறிச்சுக்கட்டி மணலிலும் நிகழ்ந்தது.

தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், மலையாளக் கரையினர், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியர் எனப் பல திறத்தாரும் குளிக்க வந்தனர். காலிற் கல்லைக் கட்டியிறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பி வாரி, கயிற்றை அசைத்து மேலே வருதல் அவர் தொழில். சுறாவை மந்திரத்தாற் கட்டுவான் என நம்பப்பட்ட கடற்கட்டிக்கு அரசாங்கமே ஊதியங் கொடுத்தது. நம்பிக்கை உண்மையோ அன்றோ, அவனின்றிக் குளிகாரர் நீரில் இறங்கார் என்பதை ஆள்வோர் அறிந்திருந்தனர்.

1906: இலண்டன் கம்பனி

இதற்கிடையிற் பிரித்தானியாவிற் கம்பனிச் சட்டம் பெரிதும் மாறிற்று. முன்னர் அரசசாசனமோ பாராளுமன்றச் சட்டமோ இன்றிக் கூட்டுத்தாபனம் அமைத்தல் இயலாது. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு செய்தலாலேயே கம்பனி அமைக்க வழிவகுத்தது. 1855-ஆம் ஆண்டுச் சட்டம் பங்குகாரரின் பொறுப்பை அவர் இடும் முதலோடு வரையறுத்தது. இலங்கையிலும் 1861-இல் கூட்டுப்பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1896-இல் சலமன் என்னும் பாதரட்சை வணிகரின் வழக்கிற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, பங்குகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒருவரே வைத்திருப்பினும் கம்பனி வேறு, அவர் வேறு எனத் தீர்ப்பளித்தது. கம்பனி கடன்பட்டால் அதற்குக் கம்பனியே பொறுப்பு. அவர் வீட்டு வாயிலைக் கடன்காரன் தட்டலாகாது.

இப்புதிய உருவம் மன்னாருக்கு வந்தது இவ்வாறு. பத்தாண்டுக்கு மேற்பட்ட வெறுமையின் காரணத்தை ஆராய லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேட்மன் அழைக்கப்பெற்று 1902-இல் இலங்கை வந்தார். அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோணலும் பார்களை ஆராய்ந்தனர். இளஞ்சிப்பிகளை நல்ல பார்களுக்கு மாற்றுதல், அவை பற்றிக்கொள்ளக் கல் பரப்புதல் முதலிய வழிகளை ஹேட்மன் எடுத்துரைத்தார். கடலும் அப்போது மனமிரங்கியது போலும்! 1903 முதல் ஆண்டுதோறும் சலாபம் வாய்த்தது. 1905-இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபா கிடைத்தது. மறிச்சுக்கட்டிக் காட்டருகே பல்லாயிரம் மக்கள் கூடிய ஓலைநகரம் ஒன்று எழுந்து, பருவம் முடிய மறைந்தது.

அவ்வுச்ச வேளையிலேயே அரசாங்கம் பார்களை இருபது ஆண்டுகளுக்கு இலண்டனில் அமைந்த 'இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி' என்னும் வரையறுத்த பொறுப்புடைய கம்பனிக்குக் குத்தகை கொடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. பார்களைச் சீர்ப்படுத்தக் கம்பனி தனியாகவும் பணஞ் செலவிடல் வேண்டும் என்பது நிபந்தனை. 1905-ஆம் ஆண்டின் ஒரு பருவ வருவாயே எட்டாண்டுக் குத்தகைப் பணத்துக்குச் சமம் என்பதை எண்ணுவார்க்கு இஃது அறியாமையாகத் தோன்றலாம். ஆயின் அரசாங்கத்தின் கட்சியையும் கேட்டல் முறை. பத்தாண்டு ஒன்றுமின்றி ஓராண்டு பெருந்தொகை வருதலை நம்பிப் பாதையும் பாடசாலையும் அமைத்தல் அரிது. நிலையான சிறு வருவாய் நிலையற்ற பெருவருவாயினும் நன்று. இருபதாண்டுக்கு அறுபத்திரண்டு இலட்சம் என்பது காகிதத்தில் நேர்மையான கணக்கே. விஞ்ஞானம் கடலை ஒழுங்குபடுத்திவிடும் என்னும் நம்பிக்கையும் அக்காலத்திற் பலமாயிருந்தது.

கடல் அக்கணக்கை ஏற்கவில்லை. 1906-இலும் 1907-இலும் குளிப்பு நடந்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. சிப்பியில்லாத ஆண்டிலும் குத்தகை கட்டல் வேண்டும், அலுவலர்க்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். இருபதாண்டுக் குத்தகையின் மூன்றிலொரு பகுதியளவு கடந்த நிலையில், 1912-ஆம் ஆண்டளவிற் கம்பனி முறிந்தது. பார்கள் மீண்டும் அரசாங்கத்திடம் சேர்ந்தன. இலங்கைக் கரையிற் பெருஞ் சலாபம் கடைசியாக நிகழ்ந்தது 1925-இல். அதற்குள் ஜப்பானியர் வளர்த்த செயற்கை முறை முத்து உலகச் சந்தையிற் புகுந்துவிட்டது.

இழந்தவர் யாவர்?

சட்டத்தின் கண்ணில் இறப்பில்லாத அக்கம்பனி, ஒரு சிப்பியின் ஆயுளளவே வாழ்ந்தது. இதற்குக் காரணம் யாது? கம்பனியின் இறவாமை ஆண்டுக் கணக்கைச் சார்ந்தது. பங்குகாரன் ஆண்டுதோறும் இலாபம் எதிர்பார்ப்பான். அரசாங்கம் ஆண்டுதோறும் குத்தகை கேட்கும். கடலோ பத்தாண்டை ஒரு கணப்பொழுதாக எண்ணுவது. மாதோட்டத்து வாணிகர் கூட்டத்தை வாழ்வித்தது இலாபமன்று. ஊராரோடு வாழ்தலும், ஒப்புக்கொண்ட அறத்திலிருந்து வழுவ அஞ்சுதலுமேயாம். எண்ணெய் விற்பனை குன்றிய ஆண்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தல் அவர்க்கு இயலாது.

கம்பனி முறிந்தபோது பங்குகாரர் தாமிட்ட முதலை இழந்தனர், அதற்குமேல் இழந்திலர். அரசாங்கம் எதிர்நோக்கிய குத்தகையை இழந்தது. அஃதாவது நாட்டு மக்கள் இழந்தனர். சம்மாட்டியும் குளிகாரனும் தம் தொழிற் பருவத்தையே இழந்தனர். இவர்களது இழப்பு எந்த ஐந்தொகையிலும் இடம்பெறவில்லை. முதலிட்டவனின் பொறுப்புக்குச் சட்டம் எல்லை வகுத்தது. மூச்சையிட்டவனின் பொறுப்புக்கு எல்லை வகுத்தார் எவருமில்லை. எனினும் பழைய சலாபத்திற் குளிகாரனுக்கு ஒரு பெருமை இருந்தது. அவன் கூலியாளல்லன்; எடுத்ததில் மூன்றிலொன்றுக்குப் பங்காளி. அப்பம் உண்ட பந்தியில் அவனுக்கும் ஓர் இலை இருந்தது.

இதனாற் கம்பனி முறை தீதென்று கூறுதல் எமது கருத்தன்று. பொறுப்பை வரையறுக்காவிடிற் பல்லாயிரம் பேரின் சிறு சேமிப்புகள் ஒன்றுதிரண்டு புகையிரதப் பாதையும் மின்னிலையமும் பெருந்தொழிலும் தோன்றியிரா. பிழை அவ்வுருவத்திலன்று, எப்பொருளுக்கு எவ்வுருவம் பொருந்தும் என ஆராயாமையிலேயே உள்ளது. ஆண்டுதோறும் அளந்து எடுக்கத்தக்க பொருளுக்கு ஆண்டுக்கணக்குக் கம்பனி பொருந்தும். தன் மனம்போலக் கொடுக்குங் கடலுக்கு, நல்ல ஆண்டிற் சேர்த்து வைத்து வெற்றாண்டிற் பொறுத்திருக்கும் அமைப்பே பொருந்தும். அத்தகைய அமைப்பை மாதோட்டத்து எண்ணெய் வாணிகர் அறிந்திருந்தனர்.

இஃது இறந்தகாலச் செய்தி மாத்திரமன்று. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020-இல் முப்பது காற்றாலைகள் கொண்ட மின்னிலையம் இலங்கை மின்சார சபையால் அமைக்கப்பெற்றது. மேலும் காற்றாலைகள் அமைப்பது பற்றியும், தீவின் மணலிலுள்ள கனியப் பொருளை அகழ்வது பற்றியும் அங்குள்ள மக்களிடையே கவலையும் வாதமும் எழுந்துள்ளன. காற்றும் மணலும் கடலும் குத்தகைப் பத்திரத்தில் எழுதப்படும்போது, ஆண்டு வருவாய் எவ்வளவு என்று வினவுதல் எளிது. அவ்வமைப்பு யாரிடத்துக் கடமைப்பட்டது, எத்தனை ஆண்டு பொறுத்திருக்கும், முறிந்தால் எஞ்சுவது யார் தோளில் விழும் என்னும் மூன்றையும் உடன் வினவுதல் வேண்டும். அரிப்பின் இடிந்த மாளிகையைக் காணச் செல்லும் மாணவர், அங்கிருந்து மாதோட்டத்துக்குஞ் சென்று, வாழைக்காய் வாணிகரை நம்பி விளக்கேற்றிய அப்பழங்கொடையாளியையும் ஒருகணம் நினைப்பாராக.